வேட்டை ரைஃபிளுக்கு வார்ப்புக் குண்டு: 0.309-ஆ, 0.310-ஆ, 0.311-ஆ?

.30 காலிபர் ரைஃபிள் ஒன்று கையில் இருக்கிறது. குண்டை நாமே வார்த்து, அதைக் கொண்டு மானோ காட்டுப்பன்றியோ வேட்டையாட எண்ணம். அச்சு வாங்கியாயிற்று, ஈயம் உருக்கும் சட்டியும் வாங்கியாயிற்று. கடைசியாக, வார்த்த குண்டைச் சரியான அளவுக்கு இழுத்துக் கொடுக்கும் சைஸிங் டை வாங்கப் போனால், 0.308, 0.309, 0.310, 0.311 என்று நான்கு டை வரிசையாக நிற்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லேத் பட்டறையில் சொல்வதுபோலச் சொன்னால் ஒரு தௌ. எழுதும் தாளின் கனமே ஏறக்குறைய நான்கு தௌ வரும். இந்தத் துளியூண்டு வித்தியாசத்துக்கா இத்தனை யோசனை என்று எனக்கும் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதால் ஒரு முழுக் கோடைக்காலம் குழல் சுரண்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் ரைஃபிளின் சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், தடையில்லாமல் நுழைகிற மிகப் பெரிய குண்டு எது என்று கண்டுபிடியுங்கள். இலக்குப் பலகையைச் சுடுகிறவர் அதையே வைத்துக்கொள்ளலாம். வேட்டைக்குப் போகிறவர் அதிலிருந்து ஒரு தௌ குறைத்துக்கொள்ள வேண்டும். என் .30 ரைஃபிளில் அது 0.310-ல் வந்து நின்றது. உங்களுடையதில் வேறாக இருக்கலாம். அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

குழப்பம் வராமலிருக்க ஒரு வார்த்தை. இங்கே தோட்டா என்றால் கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுத் தோட்டா. குண்டு என்றால் குழலைவிட்டுப் பறந்து போகிற ஈயம் மட்டும். கூடு என்றால் பித்தளை.

செம்பு உறைக் குண்டின் கணக்கு இங்கே செல்லாது

ரைஃபிள் குழலுக்குள் சுழல் வரிகள் ஓடுகின்றன. வரி என்றால் மேடும் பள்ளமும். .30 ரைஃபிளில் மேட்டுக்கு மேடு 0.300 அங்குலம், பள்ளத்துக்குப் பள்ளம் 0.308 அங்குலம். கடையில் விற்கும் செம்பு உறைக் குண்டு சரியாகப் பள்ள அளவுக்கே, 0.308-க்கே, இருக்கும். உறை கடினமானது, மருந்தின் அழுத்தமும் அதிகம். அதனால் வாயு பக்கவாட்டில் கொஞ்சம் கசிந்தாலும் பெரிய சேதம் இல்லை.

வார்ப்புக் குண்டில் உறை கிடையாது. 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் காரீயம்தான் குழலைத் தொட்டுக்கொண்டு போகிறது. குண்டுக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், எரியும் வாயு அதன் வழியே பீறிட்டு, வெல்டிங் ஜ்வாலை மாதிரி குண்டின் ஓரத்தை அரித்துக்கொண்டு போகும். அரித்த ஈயம் குழல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த குண்டு அந்த ஈயத்தின் மேல் ஏறிப் போகும், இன்னும் கொஞ்சம் ஒட்டும். பத்தாவது குண்டில் இலக்குத் தாளில் வட்ட ஓட்டைக்குப் பதில் சாவித்துவாரம் மாதிரி நீள ஓட்டை விழும். குண்டு சுழற்சி இழந்து பக்கவாட்டில் போய் விழுகிறது என்று அர்த்தம்.

ஆகவே 0.308-ஐ முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பள்ள அளவுக்கே சரியாக உள்ள வார்ப்புக் குண்டு நன்றாகச் சுட்டால் அது அதிர்ஷ்டம். குழல் கொஞ்சம் இறுக்கமாக அமைந்திருக்கும், அல்லது ஈயம் மென்மையாக இருந்து, அழுத்தத்தில் குண்டின் அடி விரிந்து பள்ளத்தை அடைத்திருக்கும். அதிர்ஷ்டத்தை நம்பி டை வாங்க வேண்டாம்.

மிச்சமுள்ள மூன்று

பள்ளத்தைவிட ஒரு தௌ கூட்டி 0.309, இரண்டு கூட்டி 0.310, மூன்று கூட்டி 0.311. கையேடுகள் பொதுவாகச் சொல்வது ஒன்று முதல் இரண்டு தௌ கூட்டு என்பது. தவறான அறிவுரை இல்லை. ஆனால் அது பள்ளத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் கணக்கு. குண்டு பள்ளத்துக்குப் போவதற்கு முன்னால் இன்னொரு இடத்தைக் கடக்கிறது. அதற்குத் தொண்டை என்று பெயர்.

சேம்பர் முடிந்து வரி தொடங்குவதற்கு நடுவே வரியில்லாத சிறு பகுதி உண்டு. பிறகு வரிகள் சரிவாக எழும்பி முழு உயரத்துக்கு வரும். இந்தத் தொண்டைப் பகுதி பள்ளத்தைவிட ஒன்றிலிருந்து மூன்று தௌ வரை அகலமாக இருக்கும். பழைய, நிறையச் சுடப்பட்ட ரைஃபிளில் இன்னும் அகலம். மருந்து பற்றியதும் அழுத்தம் வேகமாக ஏறத் தொடங்குவதும் குண்டு இந்த இடத்தில் இருக்கும்போதுதான். தொண்டை 0.311 இருந்து குண்டு 0.309 இருந்தால், குண்டு சற்றுச் சாய்ந்தபடி வரிக்குள் நுழையும். வாயு ஓரத்தில் கசியும். பள்ளம் 0.308-தானே, ஒரு தௌ கூடத்தானே வைத்திருக்கிறேன் என்று நாம் கணக்குக் காட்டிப் பயனில்லை. சேதம் பள்ளத்துக்கு வருமுன்பே நடந்துவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இந்த இடத்துக்கென்றே சொன்னது மாதிரி இருக்கிறது.

ஈயம் குழலில் எங்கே பிடித்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரியும். சேம்பர் பக்கம், முதல் சில அங்குலத்தில் பிடித்திருந்தால் சந்தேகம் குண்டின் விட்டத்தின் மேல். வாய்ப்பக்கம், குழலின் கடைசியில் மட்டும் பிடித்திருந்தால் குண்டு வழுக்கிப் போகத் தடவிய மெழுகு வழியிலேயே தீர்ந்துபோயிருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

0.309 எப்போது சரி? புதிய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (கைப்பிடித் தண்டை முன்னும் பின்னும் தள்ளித் தோட்டா ஏற்றுவது), இறுக்கமான தொண்டை, சேம்பர் கழுத்தும் இறுக்கம் என்றால் அதுவே போதும். 0.311 எப்போது? தொண்டை தேய்ந்தது, சேம்பர் தாராளமாக வெட்டப்பட்டது, பெரும்பாலும் இலக்குப் பயிற்சி என்றால். நடுவே உள்ள 0.310 எந்தப் பக்கமும் அதிகம் தவறாத அளவு. எதையும் அளக்காமல் ஒரே ஒரு டை வாங்கச் சொல்லி யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால் .30-க்கு அதைத்தான் வாங்குவேன். அளக்காமல் வாங்காதீர்கள் என்றும் கூடவே சொல்வேன்.

வேட்டை என்றால் கணக்கு மாறுகிறது

இலக்குத் தாளுக்குச் சுடுகிறவர் ஈயம் பிடிக்கிறது என்று கண்டதும் முதலில் செய்வது, கலவையைக் கடினமாக்குவது. அச்சுக்கோப்பில் பயன்பட்ட லைனோடைப் உலோகத்தைக் கலப்பார். அதில் நூற்றுக்கு 84 பங்கு காரீயம், 12 ஆண்டிமனி, 4 வெள்ளீயம். உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் எண் ஏறக்குறைய 22; எண் கூடினால் கடினம் கூடும். சுத்தக் காரீயம் 5 மட்டுமே. பழைய கார் சக்கர எடைக்கட்டிகளை உருக்கினால் 11, 12 வரும். 90 பங்கு காரீயத்துக்கு ஐந்தைந்து பங்கு வெள்ளீயமும் ஆண்டிமனியும் சேர்த்த லைமன் நம்பர் 2 கலவை 15 வாக்கில் நிற்கும்.

கடினமாக்கினால் சில சமயம் ஈயம் பிடிப்பது குறையவும் செய்யும். தாளுக்கு அது போதும். மானுக்குப் போதாது. கடினமான .30 குண்டு உடம்புக்குள் விரியாமல் பென்சில் குத்தின மாதிரி ஒரு துளை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். ஆண்டிமனி மிகுந்த குண்டு எலும்பில் பட்டால் மூக்கு நொறுங்கியும் போகலாம். இரண்டிலும் அடிபட்ட விலங்கு வெகுதூரம் ஓடும். தேடிக் கண்டுபிடித்தாலும் அது அனுபவித்த வேதனையைத் திருப்பி எடுக்க முடியாது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை இது. தும்பு, குண்டின் விட்டம்.

விட்டம் தொண்டைக்குப் பொருந்திவிட்டால் மென்மையான கலவையே போதும். சக்கர எடைக்கட்டியும் சுத்தக் காரீயமும் சரிபாதி, அச்சில் நன்றாக நிரம்புவதற்குக் கொஞ்சம் வெள்ளீயம். இது பழகிய வேட்டைக் கலவை. தட்டை மூக்குக் குண்டாக வார்த்து, அடியில் செம்புக் கிண்ணம் மாட்டி, வினாடிக்கு 1,700, 1,800 அடி வேகத்தில் அனுப்பினால் 100 கஜத்துக்குள் நன்றாக விரியும். மென்மைதான் கொல்லும் வேலையைச் செய்கிறது. அந்த மென்மை குழலில் தாக்குப்பிடிக்க வழி செய்வது விட்டம். எனவே வேட்டைக்காரருக்கு அந்த ஒரு தௌ இலக்குக்காரரைவிட முக்கியம் என்பேன்.

பெரிய காலிபரில் இந்த நெருக்கடி கொஞ்சம் தளரும். .45-70 குண்டு விரியாவிட்டாலும் 0.458 அங்குல ஓட்டை போட்டுவிட்டுத்தான் போகும். .30-ல் அந்தச் சலுகை இல்லை.

(ஈயக் குண்டால் வேட்டையாடுவதையே சில இடங்களில் தடை செய்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டுதான். நீங்கள் வேட்டையாடும் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு அச்சில் பணம் போடுங்கள்.)

மேல் எல்லை: சேம்பர் கழுத்து

சரி, பெரிதாக இருந்தால் நல்லது என்றால் 0.313 வரை போகலாமே? முடியாது. கூட்டின் கழுத்து குண்டைப் பிடித்திருக்கிறது. அந்தக் கழுத்து சேம்பருக்குள் இருக்கிறது. குண்டு பெருத்தால் கழுத்தும் வெளிப்புறம் பெருக்கும். சேம்பர் சுவரில் கழுத்து இறுகிவிட்டால், மருந்து பற்றும்போது கழுத்து விரிந்து குண்டை விட இடமிருக்காது. அழுத்தம் ஆபத்தான உயரத்துக்கு எகிறும். இது துல்லியம் பற்றிய பேச்சல்ல, கண்ணும் கையும் பற்றிய பேச்சு.

கணக்கு எளிது. என் லீவர் ஆக்‌ஷன் (அடியில் உள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும்) .30-30 ரைஃபிளில் சுட்டு வெளியே வந்த கூட்டின் கழுத்து வெளிவிட்டம் 0.334. பித்தளைச் சுவர் ஒரு பக்கம் 0.011, இரண்டு பக்கம் சேர்த்து 0.022. 0.311 குண்டு வைத்தால் 0.333 ஆகிறது, இடைவெளி ஒரு தௌ. 0.310 வைத்தால் 0.332, இடைவெளி இரண்டு தௌ. சுட்ட பித்தளை கொஞ்சம் சுருங்கித் திரும்பும் என்பதால் உண்மையான இடைவெளி இதைவிடச் சற்றுக் கூடுதல். இரண்டுமே ஓடும். ஆனால் கூடு வேறு கம்பெனியுடையதாக இருந்து சுவர் அரைத் தௌ தடித்திருந்தால், 0.311-க்கு இருந்த இடைவெளி கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும்.

மைக்ரோமீட்டர் பக்கத்தில் இல்லாதபோது ஒரு சுலபமான சோதனை. சுட்ட கூட்டை எடுத்து, எந்த டையிலும் போடாமல், அதன் வாயில் குண்டை விரலால் நுழைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் சேம்பரில் இடம் இருக்கிறது. இறுகினால் அந்த அளவு உங்கள் ரைஃபிளுக்கு இல்லை. வாய் உட்பக்கம் மடிந்த கூடு பொய் சொல்லும், அதைத் தவிர்க்கவும்.

ஒரு தௌ ஏன் குறைக்கச் சொன்னேன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது காட்டில்தான் புரியும். இலக்கு மைதானத்தில் மேஜை இருக்கிறது, துடைக்கத் துணி இருக்கிறது, தோட்டா இறுகினால் சிரித்துக்கொண்டே வெளியே எடுக்கலாம். காட்டில் சேம்பருக்குள் தூசி விழும், மெழுகில் மணல் ஒட்டும், மழை பெய்யும். லீவர் ஆக்‌ஷனுக்குத் தோட்டாவை உள்ளே தள்ளும் பலம் போல்ட் அளவுக்குக் கிடையாது. முன்தினம் வழுக்கிக்கொண்டு போன தோட்டா பன்றி எதிரே நிற்கும்போது பாதியில் நிற்கும்.

அதைவிட மோசம் மாலையில் நடக்கும். சுடாத தோட்டாவை வெளியே எடுக்க லீவரை இழுத்தால் கூடு மட்டும் வரும். குண்டு தொண்டையில் இறுகி அங்கேயே நின்றுவிடும். மருந்து முழுவதும் ஆக்‌ஷனுக்குள் கொட்டும். பின்னாலிருந்து தடி நுழைக்க முடியாத துப்பாக்கியில் வாய்ப்பக்கத்திலிருந்து தட்டித்தான் எடுக்க வேண்டும். குழலில் குண்டு நிற்பதைக் கவனிக்காமல் இன்னொரு தோட்டாவைச் சுட்டால் குழல் பிளந்துவிடும். இது ஒருமுறை நடந்தாலே போதும், 0.311 டையைத் தானாக எடுத்து வைத்துவிடுவீர்கள். நான் வைத்தேன்.

அளப்பது எப்படி

ரைஃபிள் காலி என்பதை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பள்ளத்தை அளக்கலாம். பள்ளத்தைவிடச் சற்றே பெரிய, சுத்தமான மென்காரீயத் துண்டு ஒன்று வேண்டும். குழலுக்குள்ளும் துண்டின் மேலும் எண்ணெய் விட்டு, வாய்ப்பக்கத்திலிருந்து பித்தளைத் தடியால் மெதுவாகத் தட்டித் தள்ள வேண்டும். மறுபக்கம் வரும்போது அதில் மேடும் பள்ளமும் அச்சாகப் பதிந்திருக்கும். துண்டில் உயர்ந்து நிற்பது குழலின் பள்ளம். அதை அளந்தால் பள்ள விட்டம். தள்ளும்போது எங்கே இறுகுகிறது, எங்கே லேசாகிறது என்று கையில் படும். நடுவில் லேசாகி முன்னால் இறுகினால் குழல் ஒரே சீராக இல்லை. அந்தத் தகவலை எந்த மைக்ரோமீட்டரும் தராது.

வெர்னியர் காலிப்பரை இதற்கு நம்பாதீர்கள். அதன் பிழையே ஒரு தௌ வரும். நாம் சண்டை போடுவதே ஒரு தௌவுக்காக. தௌவில் பத்தில் ஒரு பங்கு படிக்கும் மைக்ரோமீட்டர் வேண்டும். வரிப் பள்ளங்கள் ஒற்றைப்படையாக இருந்தால் இன்னொரு சிக்கல். லீ-என்ஃபீல்ட் குழல்கள் பலவற்றில் ஐந்து பள்ளம். ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு இருக்கும், சாதாரண மைக்ரோமீட்டர் சரியான அளவு காட்டாது. அதற்கு வி வடிவத் தாடை உள்ள மைக்ரோமீட்டர் தேவை. இல்லாவிட்டால் துண்டைச் சுற்றி மெல்லிய தகடு மடித்து அளந்து தகட்டின் கனத்தைக் கழிக்கலாம்.

தொண்டைக்கு வேறு வழி. சுட்ட கூட்டில் மருந்துக்குப் பதில் திடமான நிரப்பி ஏதாவது வைத்து, வாயில் மென்காரீயத் துண்டைப் பொருத்தி, சேம்பரில் போட்டு மூடி, வாய்ப்பக்கத்திலிருந்து தடியை விட்டு ஓங்கித் தட்டினால் ஈயம் தொண்டையை நிறைத்து வடிவெடுக்கும். கூட்டில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் உயிரோடு இருக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். இன்னொரு வழி செரோசேஃப் என்ற பிஸ்மத் கலவை. 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், சேம்பரில் ஊற்றி எடுக்கலாம். அது ஆறும்போது முதலில் சுருங்கி, பிறகு மெல்ல விரிந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சேம்பரின் அசல் அளவுக்கு வரும். ஐந்தாம் நிமிடத்தில் அளந்தாலும் மறுநாள் அளந்தாலும் தவறான எண்தான் கிடைக்கும். எனக்கு ஈயம் தட்டுவதே பிடிக்கும். செலவில்லை, காத்திருக்க வேண்டாம்.

நான் சுரண்டிய கோடைக்காலம்

எல்லாம் அளந்தாயிற்று. பள்ளம் 0.308, தொண்டை 0.311. குண்டை 0.310-க்கு இழுத்தேன். மெழுகு பூசினேன். சுட்டேன். பன்னிரண்டு குண்டுக்குள் சேம்பர் பக்கம் ஈயம் பட்டை பட்டையாகப் பிடித்தது. கலவையை மாற்றினேன், மெழுகை மாற்றினேன், மருந்தைக் குறைத்தேன். ஒவ்வொரு வாரமும் செம்புக் கம்பிச் சுருளைத் துணியோடு தடியில் சுற்றி, மேஜையில் கிடந்த ரைஃபிளை மணிக்கணக்கில் தேய்த்தேன். வெள்ளிச் சீவல் மாதிரி ஈயம் உதிரும். பிறகு மறுபடி சுடுவேன், மறுபடி பிடிக்கும். அச்சு சரியில்லை என்று விற்ற கடைக்காரரிடம் கோபமாகப் பேசியதும் உண்டு. பாவம் அவர்.

காரணம் தற்செயலாகத்தான் தெரிந்தது. நீளம் தவறாகப் போன ஒரு தோட்டாவைக் கழற்றினேன். குண்டு கையில் இருந்தது, மைக்ரோமீட்டர் பக்கத்தில் இருந்தது. சும்மா அளந்து பார்த்தேன். 0.308. நான் 0.310-க்கு இழுத்து வைத்த குண்டு. இன்னொன்றைக் கழற்றினேன். அதுவும் 0.308.

திருடன் வீட்டுக்குள்ளேயே இருந்தான். என் கழுத்து டையும் அதனுள் இருந்த விரிப்பானும் செம்பு உறைக் குண்டுக்காகச் செய்தவை. கூட்டின் கழுத்தை உட்புறம் 0.306 வாக்கில் இறுக்கி வைத்திருந்தன. உறைக் குண்டை அதற்குள் அழுத்தினால் பித்தளை விரிந்துகொடுக்கும். மென்ஈயத்தை அழுத்தினால் ஈயம்தான் விட்டுக்கொடுக்கும். டை கொடுத்த இரண்டு தௌவையும் கூடு பிடுங்கிக்கொண்டது. வார்ப்புக் குண்டுக்கென்று செய்த, இரண்டு படியுள்ள விரிப்பான் ஒன்று வாங்கி, கழுத்தை 0.308-க்கு விரித்து, வாயைக் கொஞ்சம் மலர்த்தியதும் அன்றைக்கே ஈயம் பிடிப்பது நின்றது. அதே குண்டு, அதே மெழுகு, அதே மருந்து.

அதனால் எந்த டையைத் தேர்ந்தாலும், முதல் ஐந்து தோட்டாவில் ஒன்றைக் கழற்றி அளந்து பாருங்கள். டையிலிருந்து வந்த குண்டின் அளவு வேறு, கூட்டிலிருந்து வந்த குண்டின் அளவு வேறாக இருக்கலாம். குழலுக்குத் தெரிவது இரண்டாவது அளவுதான். குண்டை அழுத்தும்போது கூட்டின் வாயில் மெல்லிய ஈயச் சுருள் எழும்பினாலும் அதே நோய்தான்.

மூக்கும் உண்டு

.30 வார்ப்புக் குண்டுகளில் நிறைய வடிவங்களுக்கு இரண்டு விட்டம். பின்பாதி பள்ளத்தை அடைக்கும். முன்பாதி, அதாவது மூக்கு, வரிகளின் மேட்டின் மேல் உட்கார்ந்து குண்டை நேராக வைத்திருக்கும். மேடு 0.300 என்றால் மூக்கு 0.300 அல்லது 0.301 இருக்க வேண்டும், மேட்டின் தடம் அதில் லேசாகப் பதிய வேண்டும். மூக்கு 0.298-ஆக வந்தால் பின்பாதியை எத்தனை சரியாக இழுத்தாலும் குண்டு குழலுக்குள் தலையாட்டிக்கொண்டுதான் போகும். சைஸிங் டை மூக்கைத் தொடுவதில்லை. அது அச்சில் பிறப்பது. அச்சைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்க்க வேண்டிய எண் அது. மூக்கு அளவு ஒத்துவராதவர்கள் உடல் நீளமாக, மூக்கு குட்டையாக உள்ள வடிவத்துக்குப் போய்விடுவது நல்லது.

மற்ற காலிபர்களில்

காலிபரின் பெயரை நம்பி குண்டு வாங்கினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு .303 பிரிட்டிஷ் ஒன்றே சாட்சி. 303 என்பது மேட்டின் விட்டம். பள்ளம் 0.312-லிருந்து 0.316 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கும். போர்க்காலத்துக் குழல்களில் இரண்டே பள்ளம் உள்ளவையும் உண்டு. இங்கே கையேட்டு எண் எதற்கும் உதவாது, அளந்தால்தான் உண்டு. 0.314 டை பலருக்கு ஒத்துவரும், சிலருக்கு 0.316-கூடப் போதாது.

.44 மேக்னம் இன்னொரு பொறி. கைத்துப்பாக்கியில் பள்ளம் 0.429. அதே தோட்டாவுக்கான ரைஃபிள் குழலுக்குத் தர அளவு 0.431. கைத்துப்பாக்கிக்கு வார்த்த 0.430 குண்டை லீவர் ரைஃபிளில் போட்டுவிட்டு, வார்ப்புக் குண்டே சுடாத ரைஃபிள் இது என்று சொன்னவர்கள் ஏராளம். 0.432 அல்லது 0.433 போட்டால் அதே ரைஃபிள் ஒழுங்காகச் சுடும், சேம்பர் இடம் கொடுத்தால். மார்லினின் மைக்ரோ-குரூவ் குழல்களுக்கும் இதே அவப்பெயர் இருந்தது. பள்ளங்கள் எண்ணிக்கையில் அதிகம், ஆழத்தில் குறைவு என்பதால் ஈயத்தைப் பிடிக்காது என்றார்கள். அந்த .30-30-களில் குண்டை 0.310, 0.311 என்று பெருக்கியதும் புகார் பெரும்பாலும் ஓய்ந்தது.

8×57 என்ற ஜெர்மன் தோட்டாவில் மட்டும் விளையாட வேண்டாம். பழைய குழல்களின் பள்ளம் 0.318, பிறகு வந்தவை 0.323. ஐந்து தௌ வித்தியாசம். எது உங்களுடையது என்று அளந்து உறுதி செய்யும்வரை எந்தக் குண்டும் போடாதீர்கள்.

.45-70 தாராளமானது. நவீனக் குழல்களில் பள்ளம் 0.458, குண்டு 0.459 அல்லது 0.460. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குழல் என்றால் அதைவிடப் பெரிதாகவே இருக்கும் என்று எதிர்பார்த்து அளக்கத் தொடங்கலாம்.

டையா, அச்சா, பூச்சா

டை குண்டைச் சிறிதாக்கும், பெரிதாக்காது. அச்சிலிருந்து 0.309-ஆக விழும் குண்டுக்கு 0.310 டை ஒன்றும் செய்யாது. ஒரே அச்சில் லைனோடைப் ஊற்றினால் குண்டு பெரிதாக விழும், மென்காரீயம் ஊற்றினால் சிறிதாக. வேட்டைக்காரர் மென்கலவை ஊற்றப்போகிறவர் என்பதால், அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைவிட அரைத் தௌவாவது குறைந்து வரும் என்று வைத்துக்கொண்டே அச்சு வாங்க வேண்டும். தேவையான அளவைவிட ஒன்றிரண்டு தௌ பெரிதாக விழுவது நல்லது. அதற்கு மேல், நான்கு ஐந்து தௌ இழுக்க வேண்டியிருந்தால் மெழுகுப் பள்ளங்கள் நசுங்கும், குண்டு ஒரு பக்கமாகச் சாயும்.

அச்சு சிறிதாகப் போய்விட்டதென்றால் பவுடர் கோட்டிங் கைகொடுக்கும். பெயிண்ட் பவுடரைக் குண்டின் மேல் ஒட்டவைத்து அவனில் சுட்டெடுத்தால் விட்டம் ஏறக்குறைய இரண்டு தௌ கூடும், மெழுகும் தேவையில்லை. ஆனால் மூக்கும் கூடவே பெருக்கும் என்பதை மறந்தால், முன்னே சொன்ன மாலைநேரக் கதை மறுபடி நடக்கும். பூசிய பிறகு சேம்பர் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள். இன்னொரு பழைய தந்திரம், அச்சின் இரு பாதிக்கு நடுவே வெப்பம் தாங்கும் அலுமினிய டேப் ஒட்டி வார்ப்பது. குண்டு ஒரு பக்கம் மட்டும் பெருத்து நீள்வட்டமாக வரும், பிறகு டை அதை வட்டமாக்கும். ஒரு சோதனைக்குப் பரவாயில்லை. நிரந்தரமாக வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.

எந்த மாற்றம் செய்தாலும் மருந்தைக் கையேட்டின் தொடக்க அளவுக்கு இறக்கித் தொடங்குங்கள். குண்டு ஒரு தௌ பெருத்தாலும் அது புதிய தோட்டா. உருக்கும் இடத்தில் காற்றோட்டம் இருக்கட்டும், சட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் வேண்டாம், முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இரண்டு டைக்கு நடுவே இன்னும் மனம் ஊசலாடினால் சிறியதை வாங்குங்கள். குண்டைக் கீழிருந்து தள்ளி இழுக்கும் வகை டை என்றால், மெல்லிய மரக்குச்சியைப் பிளந்து அதில் உப்புத்தாளைச் சுற்றி, துரப்பணத்தில் மாட்டி, உள்சுவரை மெல்லத் தேய்த்து ஒரு தௌ பெரிதாக்கிக்கொள்ளலாம். என்னிடம் இப்போது இருக்கும் 0.310 டை கடையிலிருந்து 0.309-ஆக வந்ததுதான். அரை நிமிடம் தேய்த்து, துடைத்து, எண்ணெய் தொட்டு, ஒரு குண்டைத் தள்ளி, அளந்து, மறுபடி அரை நிமிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை அதற்குப் போனது.